நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த ஆயிரம் ரூபாய்

துணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. உள்ளே ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள். மேலே இருந்த நோட்டில் மன்னர் நெற்றியில் குங்குமப் பொட்டு வேறு.

"யாரும்மா இந்த வேலையைப் பண்ணது?" என்று கத்தியே விட்டேன்.

"நான்தாங்க. லட்சுமியாச்சே, வூட்ட வுட்டுப் போறப்போ வெறும் நெத்தியோடவா அனுப்பறது?" என்றார் பச்சையம்மாள்.

பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அம்மாளைப் பற்றித்தான். அப்போது கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருந்தேன். இடஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் மரத்தை வெட்டி ரோட்டில் போட்ட காலம் அது. கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் தாண்டி ஒரு ஊரிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள்.

பச்சையம்மாளின் அப்பா பெரிய நிலக்காரர். வெள்ளைக்காரன் ஆட்சி முடிகிற சமயத்தில் பெரிய நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். பணம் எப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். மனிதர் பயந்துபோய்ப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டார். அவர் காலமானபின் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பாகம் பிரித்தார்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் நிலத்தை எடுத்துக்கொண்டு, செல்லாத நோட்டுப் பெட்டியைத் தங்கைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளும்போது சிரித்தார்களாம்.

கணவனை இழந்த அந்த அம்மாள் யாருடைய நிலத்தையோ குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டு, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அந்த நிலம் கிணற்றோடு விலைக்கு வந்திருந்தது. வேறு யாராவது வாங்கிவிட்டால் குத்தகையும் போய்விடும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"சீயக்காய் போட்டு அலசித் தரட்டுங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம். பதறிப்போய் நோட்டுகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பழைய நோட்டின் உயிர் அதன் மொரமொரப்பில் இருக்கிறது. தண்ணீர் பட்டால் காகிதம் தொய்ந்துவிடும். கறைபட்ட நோட்டுக்கு விலை கம்மி. கழுவின நோட்டை வாங்குகிறவன் தொடக்கூட மாட்டான்.

"மஞ்சளால எவ்ளோ கம்மியாவும்?"

"மூணுல ஒரு பங்கு போயிடும்மா."

அவர் முகம் வாடியது.

"மீதி அந்த நெலத்துக்குப் பத்துமா?"

"இழுத்துப் பிடிச்சா பத்தும்."

"அப்போ மஞ்சளோடவே வில பேசுங்க. வெச்சவ நானு, நான்தான அனுபவிக்கணும்."

அழுகை இல்லை, புலம்பல் இல்லை. அங்கேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

பழைய நோட்டு சேர்க்கிற சென்னைப் பார்ட்டி ஒருவருக்குப் போன் போட்டேன். ஆசாமி ஆவலோடு கிளம்பி வந்து, உளுந்தூர்பேட்டையில் மரம் விழுந்த ரோட்டில் மாட்டிக்கொண்டார். பஸ் ஓடாததால் நானும் அந்த ஊரிலேயே தங்க வேண்டியதாயிற்று. ஊர் வாய் சும்மா இருக்குமா? நோட்டின் விலை வாய்க்கு வாய் ஏறி, அண்ணன்கள் காதுக்கும் போனது. மறுநாளே வந்துவிட்டார்கள்.

"ஏம்மா, அப்பா காசுல எங்களுக்கும் பங்கு கெடக்குதில்ல?" என்றார் மூத்த அண்ணன்.

வழக்குள்ள சரக்கு என்று தெரிந்தால் சென்னைக்காரர் அப்படியே திரும்பிவிடுவார். நிலமும் கைவிட்டுப் போய்விடும். பச்சையம்மாள் நிதானமாக இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"பங்குதான அண்ணா? தாராளமா போட்டுக்கலாம். நான் நோட்டு மொத்தத்தயும் கொட்டறேன். நீங்களும் நெலத்தக் கொண்டாந்து கொட்டுங்க. எல்லாத்தயும் ஒண்ணாச் சேத்து மூணாப் பிரிப்போம். அன்னிக்கி இருந்த பெரியவங்களயே கூப்புடட்டுமா?"

"இன்னாமா, ஒரு வெளையாட்டுக்குக் கேட்டா..."

"காப்பி ஆறிக்கினு இருக்குது, குடிங்கண்ணா."

குடித்துவிட்டு எழுந்தவர்கள்தான், அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

ரோடு திறந்ததும் சென்னைக்காரர் என் கடைக்கு வந்தார்; பச்சையம்மாளும் நோட்டுகளோடு வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாளே சொன்னார்: "மஞ்ச நான் வெச்சதுங்க. ஆனா தண்ணி காட்டல." சென்னைக்காரர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் பார்த்தார், காகிதத்தைச் சுண்டிப் பார்த்தார். நான் சொன்ன விலைக்கே முடித்துக்கொண்டார்.

காலணா, அரையணா, ராணி காசு, ராஜா நோட்டு என்று பிற்பாடு எத்தனையோ வீட்டுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டேன். இன்றும் பெட்டியைத் திறக்குமுன் நான் கேட்பது, பாகம் ஆயிற்றா, யார் முன்னிலையில் ஆயிற்று என்பதுதான். நீங்களும் கேளுங்கள். விலை அதற்கப்புறம்.

அந்த நிலத்தைப் பச்சையம்மாள் பேரில் பத்திரம் பதிந்த அன்று சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். "ஓட்டல்ல சாப்பிட்டுப் போலாம்மா" என்றேன். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

"கரும்புக்குத் தண்ணி கட்டணுங்க," என்றார். "நேத்து வரிக்கும் அடுத்தவங்க கெணறு, லேட்டாப் போனாலும் பரவால்ல. இன்னிக்கி எப்பிடிங்க லேட்டாப் போறது?"