ஊர்ப்பேருக்கு வந்த வழக்கு

அசீனாவின் பால்கோவா டப்பாக்கள் கடல் தாண்டிப் போய் இறங்கிய அன்றே, வளைகுடாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் தம்பி ஆபித் போன் பண்ணினான்.

“அக்கா, சரக்கத் துறைமுகத்துலயே பிடிச்சு வச்சுட்டானுவ. டப்பால ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ன்னு போட்டது தப்பாம்.”

“ஊர்ப்பேரப் போட்டது தப்பா? என்னலே சொல்லுத?”

“அந்தப் பேர இங்க ஒரு கம்பெனிக்காரன் தன் பேருல பதிஞ்சு வச்சிருக்கான். இங்கனயே பால்பவுடர்ல கிண்டி விக்கான். நம்ம சரக்குதான் போலின்னு அவனே புகாரும் கொடுத்திருக்கான்.”

அசீனாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆபித் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றாள்.

கான்சாபுரத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள் அசீனா. கணவர் அல்லா பிச்சை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலை வந்ததும் வேலையை விட்டார். அதன் பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அடுப்பைப் போட்டு அசீனா பால் காய்ச்ச ஆரம்பித்தாள். அப்போது தன் பால்கோவாப் பட்டறையில் சும்மா கிடந்த இரும்புச் சட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பியவர் மம்சாபுரத்துப் பொன்னுராஜ். புதிதாக வந்தவளைச் சேர்க்க வேண்டாம் என்று உற்பத்தியாளர் சங்கத்தில் சிலர் முணுமுணுத்தபோது, “அது என் தங்கச்சி. அதுக்கு நான் பொறுப்பு” என்று எழுந்து நின்றவரும் அவர்தான். இப்போது பிடிபட்டிருக்கும் சரக்கில் பாதி அசீனாவுடையது, பாதி பொன்னுராஜுடையது. இரண்டுக்கும் சங்கத்தின் ஒரே லேபிள்.

மறுநாள் காலையில் இருவரும் ராஜபாளையத்துக்குப் போய்ப் பெலிக்ஸைப் பார்த்தார்கள். நூலும் பேண்டேஜ் துணியும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கிறவர் அவர்.

“நம்ம பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு இருக்குல்லா? பொறவு எப்படி அடுத்தவன் உரிமை கொண்டாடுவான்?” என்று கேட்டாள் அசீனா.

“அந்தக் குறியீட்டுக்கு நம்ம நாட்டு எல்லைவரைக்கும்தாம்மா பலம். அந்த நாட்டுலயும் தனியாப் பதிஞ்சிருக்கணும். இல்லன்னா, ரெண்டு நாட்டு அரசாங்கமும் போடுற வர்த்தக ஒப்பந்தத்துல, காப்பாத்த வேண்டிய பேருன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல நம்ம பேரு ஏறியிருக்கணும். ஏறிட்டா, போலியைச் சுங்கக்காரனே மறிப்பான். ஒப்பந்தப் பேச்சு இப்பத்தான் நடக்கு.”

“அதுவரைக்கும் என்ன செய்ய?” என்றார் பொன்னுராஜ்.

“அந்தக் கம்பெனி பதிஞ்சதை ரத்து பண்ணச் சொல்லி அங்கயே வழக்குப் போடலாம். ஊர்ப்பேரைச் சொல்லி வாங்குறவனை ஏமாத்தக் கூடாதுங்கிறது உலக வர்த்தக விதி. நம்ம பக்கம் நியாயம் இருக்கு.”

வழக்கைப் போட்டார்கள். கம்பெனிக்காரன் சும்மா இருக்கவில்லை. இருவருக்கும் ஆள்மூலம் தூது விட்டான். பெயர் கம்பெனிக்கே சொந்தம், அதன் அனுமதியோடுதான் பயன்படுத்துகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரக்கை அன்றே விட்டுவிடுவானாம். வருஷம் முழுவதும் ஆர்டரும் தருவானாம்.

“ரெண்டு பேருல ஒருத்தர் போட்டாலும் வழக்கு செத்துச்சு. பேரு அவனதுதான்னு ஊர்க்காரங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்று பெலிக்ஸ் எச்சரித்தார்.

ஆபித் தினமும் போனில் கத்தினான். “வெயில்ல டப்பா உப்புதுக்கா! ஒரு கையெழுத்துதான? போட்டுத் தொலை!” அசீனா போடவில்லை. போடமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. பொன்னுராஜ் அண்ணாச்சி என்ன நினைக்கிறார் என்பதுதான் அவளை அரித்தது. வழக்குப் பேச்சை எடுத்தாலே அவர் வேறு பக்கம் பார்த்தார். இரண்டு நாளாகப் போனையும் எடுக்கவில்லை.

மம்சாபுரத்துக்கே கிளம்பிப் போனாள். பட்டறையில் மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பால் கேன்கள் காய்ந்து கிடந்தன. சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் பால்பவுடர் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பொன்னுராஜ் மறைக்க முயலவில்லை.

“கோடையில பாலு எங்க இருக்கு சொல்லு. கொஞ்சம் கலந்தேன். கலந்து பழகிப்போச்சு.”

“கப்பல்ல போனதுலயுமா அண்ணாச்சி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியின் வக்கீல் டப்பாக்களைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லப்போவதாகப் பெலிக்ஸ் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஊரிலேயே பவுடரில்தான் கிண்டுகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு?

“நாம முந்திக்கிடணும். உங்க டப்பா எல்லாம், பாலும் சர்க்கரையும் மட்டும்தான்ங்கிற சங்க விதிப்படி செஞ்சது இல்லன்னு நீங்களே சொல்லிருங்க. அப்பத்தான் மத்தவிய சரக்கு நிக்கும்.”

“என் சரக்கு போலின்னு என் வாயாலயே சொல்லச் சொல்லுதியா?” என்றார் அவர். “நான் குடுத்த சட்டியில கிண்டித்தான நீ இன்னைக்கு நியாயம் பேசுத? கம்பெனிக்காரன் கேட்ட கையெழுத்தை நான் போட்டா எல்லாம் தீந்துச்சு. சோதனையும் கிடையாது, கேவலமும் கிடையாது.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது, தான் ஏன் அழுகிறோம் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அல்லா பிச்சையிடம் மட்டும் சொன்னாள்.

“அவருதான் செஞ்சாருன்னு நீ காட்டிக் குடுப்பியா?” என்று அவர் கேட்டார்.

“மாட்டேன்.”

“அப்பம் பொய் சொல்லுவியா?”

அசீனா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. பெலிக்ஸின் ராஜபாளையம் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் அசீனாவை உட்கார வைத்தார்கள். விசாரணை ஆரம்பிக்கச் சற்று முன்பு பொன்னுராஜ் உள்ளே வந்து, யாரிடமும் பேசாமல் பின்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று தெரிந்தது. கம்பெனி அனுப்பிய ஒப்புதல் தாள்தான் அது என்பதில் அசீனாவுக்குச் சந்தேகமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்றுதான் தெரியவில்லை.

திரையில் மூன்று அதிகாரிகள் தெரிந்தார்கள். ஒரு பெண் அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொன்னாள். ஊரைப் பற்றி, பாலைப் பற்றி, சங்கத்தின் விதியைப் பற்றி எல்லாம் கேட்டார்கள். அசீனா தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் கம்பெனி வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் லேபிளோடு இங்கே வந்திருக்கும் டப்பாக்கள் எல்லாமே பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துச் செய்தவைதானா?”

பெலிக்ஸ் அவளையே பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் சோதனையில் மாட்டிக்கொள்வாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி, யாருடையது என்பதுதான்.

“இல்ல” என்றாள். “எல்லாம் இல்ல.”

“எவை இல்லை? யார் செய்தவை?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்த்த பெண் கேள்வியைத் திரும்பவும் சொன்னாள். அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“தள்ளிக்கோ தாயி” என்று சொல்லிப் பொன்னுராஜ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. பையிலிருந்த தாளை விரித்து மேசையில் போட்டார்; அதில் கையெழுத்து இல்லை. “அது என் சரக்குய்யா. நான்தான் பவுடர் கலந்தேன். எங்க விதியை நான் மீறுனேன். விதின்னு ஒண்ணு இருக்கப்போயித்தான மீறினேன்னு சொல்ல முடியுது? இந்தப் பிள்ள சரக்கச் சோதிச்சுப் பாருங்க. அதுல ஒரு சிட்டிகை பவுடர் இருந்தாக்கூட அந்தப் பேர நீங்களே வச்சுக்கிடுங்க.”

பெலிக்ஸ் அவசரமாகக் குனிந்து, “கடைசி வார்த்தை வேண்டாம்ண்ணே” என்று காதில் முணுமுணுத்தார். மொழிபெயர்த்த பெண் எதையும் விடாமல் அப்படியே சொல்லி முடித்துவிட்டாள்.

சோதனை முடிவு வரும்வரை அசீனா சோற்றில் கை வைத்தால் கை அப்படியே நிற்கும். தன் சட்டியில் கலப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்தான். ஆனால் பால் ஊற்றுகிறவர்களில் யாராவது எதையாவது கலந்திருந்தால்? முடிவில் அவளுடைய டப்பாக்கள் தேறின. சில வாரம் கழித்து, கம்பெனியின் பதிவை ரத்து செய்து உத்தரவு வந்தது. துறைமுகத்துச் சரக்கு மட்டும் யாருக்கும் ஆகாமல் கெட்டு, அங்கேயே அழிக்கப்பட்டது. ஆபித் வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒப்பந்தப் பட்டியலில் ஊர்ப்பேரைச் சேர்க்கச் சொல்லிச் சங்கம் டெல்லிக்கு மனு அனுப்பியது. அதற்கு முன்னால், கலப்படம் செய்கிற உறுப்பினரைச் சில காலம் தள்ளி வைக்கும் விதியைப் பொன்னுராஜ் மேல் அமல்படுத்த வேண்டியிருந்தது. கூட்டத்தில் ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கையாக மேலே போனது. அசீனாவின் கை மடியிலேயே கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பொன்னுராஜ், “தூக்கு தங்கச்சி. நீ தூக்கலன்னா, பழக்கத்துக்காக விட்டாவன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்” என்றார்.

தூக்கினாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பொன்னுராஜ் வேறு பெயரில் சாதாரண இனிப்பு செய்து ராஜபாளையம் கடைகளுக்குப் போடுகிறார். தள்ளிவைத்த காலம் முடிந்ததும் திரும்பச் சேர்வாரா என்று சங்கத்தில் யாருக்கும் தெரியாது. ஒப்பந்தமும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறுமா ஏறாதா என்று பெலிக்ஸாலும் சொல்ல முடியவில்லை. போன வாரம் சந்தைத் தெருவில் அசீனாவும் பொன்னுராஜும் எதிரெதிரே வந்தார்கள். அவர் மழையைப் பற்றிப் பேசினார். அல்லா பிச்சையின் மூச்சுத்திணறலைக் கேட்டார். பிறகு, “வாரேன்” என்று சொல்லி நடந்துவிட்டார். அசீனா அவர் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு, பால் வண்டி வரும் நேரமாகிவிட்டது என்று நினைவு வந்து வீட்டுக்கு விரைந்தாள்.