பொன்செல்வியின் தாகம்

சாலைக் கடைத்தெருவில் உள்ள நான்கு மாடி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது பொன்செல்விக்கு இருபத்திரண்டு வயது. களியக்காவிளைப் பக்கத்துப் பெண். கொத்தனார் லிங்கராஜைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தவள். முதல் மாடியில் பட்டுப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரைக்குத்தான் கால்களுக்கு விடுதலை.

பெண்களுக்கான கழிப்பறை மொட்டைமாடியில், குடோனுக்குப் பின்னால் இருந்தது. லிஃப்டில் வாடிக்கையாளர்கள் மட்டும்தான் ஏறலாம். போகிறவள் மேற்பார்வையாளர் ஆறுமுகசாமியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஒரு வார்த்தை திட்டியதும் கிடையாது. சுவர்க்கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை. இரண்டு நாள் அந்தப் பார்வையைத் தாங்கியவள் மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தாள். காலையில் ஒரு சாயா. பிறகு வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

“உள்ள போனாத்தானே எக்கா வெளிய வரும்?” என்று உடன் வேலை பார்த்த திவ்யலட்சுமியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதை ஏதோ பெரிய சாமர்த்தியம் என்றே இருவரும் நினைத்தார்கள், பாவிகள். மற்றப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓணக் கூட்டத்தில் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்கள் மூடி திறக்காமலே வீடு திரும்பின. பொன்செல்விக்கு அடிவயிறு கடுத்தது, மூத்திரம் எரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு உள்ளதுதானே என்று விட்டுவிட்டாள். நின்று நின்று கணுக்கால் வீங்கியது. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கினாள். முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு தினம் இரண்டு.

நடுவில், கடைப்பெண்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. ஸ்டூல்களும் வந்தன. பிரித்துப் போட்ட சேலைகளை அடுக்கி வைக்க அவை நல்ல வசதியாக இருந்தன.

இப்படியே பத்தொன்பது வருடம் ஓடியது. போன சித்திரையில், ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டைத் தன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஓடி வந்தவர்கள் முதலில் பட்டைத்தான் பத்திரமாக உருவி எடுத்தார்கள். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: “டியூட்டி நேரத்தில எத்தனை கிளாஸ் வெள்ளம் குடிக்கும்?”

“வெள்ளமா? ஷாப்பில நான் குடிக்கவே மாட்டேன் டாக்டரே,” என்றாள் பொன்செல்வி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அடக்கி அடக்கி வந்த தொற்றும், மாத்திரையும், தண்ணீர் இல்லாமையும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டன. இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மூத்திரம் பிரியாததால், குடிக்கிற நீரெல்லாம் நெஞ்சில் கோத்து மூச்சை அடைத்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், சாயாவும் கஞ்சித்தண்ணீரும் அதில் சேர்த்தி.

“அது எனக்கு எளுப்பமாக்கும், பழகினதுதானே,” என்று பொன்செல்வி சிரித்தாள்.

கரமனையில் அவர்களுடைய வாடகை வீட்டில் கழிப்பறை கட்டிலிலிருந்து ஆறு எட்டு தூரம். யாரிடமும் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். அங்கே வந்து படுத்த பிறகுதான் அவளுக்குத் தாகம் எடுத்தது. கடையில் ஒருநாளும் எடுக்காத தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பக்கத்து வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் அழுகை வந்தது. மதியம் மூன்று மணிக்கே அன்றைய பாட்டில் காலியாகிவிட்டது.

“ஒரு வாய் தாருங்க. ஒரே ஒரு வாய்,” என்று லிங்கராஜின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அவன் எழுந்தான். குடத்தை எடுத்து அடுக்களைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்.