இடது பக்கம் கருப்பு

மேற்கு மாம்பலத்தில் ரகுபதி சாரைப் பார்த்துக்கொள்ளச் சொர்ணம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, அவர் மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டார். சர்க்கரைக்குப் பச்சை, ரத்த அழுத்தத்துக்குச் சிவப்பு. பச்சையையே இரண்டு தடவை விழுங்கிவிட்டு, வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்த பிறகு, இரண்டு மாத்திரைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல செவப்பு எது சார்?"

அவர் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்டி கீது?"

"ஒரு வருஷமா. எல்லாம் சேறாத்தான் தெரியறது. கண் டாக்டர் கையை விரிச்சுட்டார். என் பொண்ணு ஜானகிகிட்ட சொல்லிடாதே. ஆதம்பாக்கத்துக்குக் கூட்டிண்டு போயிடுவா. அவ ஃப்ளாட்ல துணி உலர்த்தவே இடமில்லை, நான் எங்கே வரையறது?"

"மாத்திர இனிமே என் கையில. கண்ணு முழுசா போச்சுன்னா அன்னிக்கே போன் போட்ருவேன். சம்மதமா?"

தலையாட்டினார்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கூஜாவும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்றபின் உருவமே இல்லாமல் வெறும் வர்ணமாக அப்பிக்கொண்டிருந்தார். இப்போது வர்ண ட்யூபுகளை மூட்டைகட்டிப் பரணில் போட்டார். தரையில் பெரிய வெள்ளைக் காகிதம்; வெள்ளையடிக்கிற பட்டை பிரஷ்; இடது பக்க மக்கில் கருப்பு, வலது பக்க மக்கில் தண்ணீர். விரலால் அல்ல, தோளிலிருந்து முழுக்கையையும் வீசினார். தோளுக்கு நல்ல பயிற்சி என்று சொர்ணம் விட்டுவிட்டாள்.

அந்தக் கருப்புப் படங்களை ஆழ்வார்பேட்டையில் கண்காட்சி வைத்தார்கள். 'வர்ணத்தைத் துறந்தவர்' என்று ஒருவர் மைக்கில் உருகினார்.

"தொறந்தீங்களாமே!" என்று சொர்ணம் ரகுபதி சார் காதில் சொன்னாள். "அதுவா உட்டுட்டு பூட்ச்சு." அவர் குலுங்கிச் சிரித்தார். அவள் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனி மாதத்தில் ஒருநாள், அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில், சொர்ணம் மக்குகளைக் கழுவி, நிரப்பி, இடம் மாற்றி வைத்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவர் ஏழெட்டு வீச்சு வீசி முடித்து, மூச்சிரைக்க நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கருப்பு அழுத்தமா இறங்கித்தா, சொர்ணம்?"

காகிதம் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் நாளைக்குப் படியையும் இப்படித்தான் தப்பாக மிதிப்பார்.

"தண்ணி சார் அது. மக்க மாத்தி வெச்சது நான்தான். ஆனா உங்களுக்குத் தெரியலியே."

பிரஷை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதைக் கீழே வைத்தார்.

"ஃபேனை நிறுத்து. காயறதுக்குள்ள ஒருதரம் தடவிப் பாத்துக்கறேன்."

நிறுத்தினாள். அவர் மண்டியிட்டு, ஈரத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். சொர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு ஜானகியின் நம்பரைப் போட்டாள்.