கரடியின் ஓரப்பார்வை

தெருவே அவளை முழிக்காரி என்றுதான் கூப்பிடும். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். யாராவது கதவைத் தட்டினால், "முழிக்காரி வீடுதான், உள்ள வாங்க" என்று அவளே சொல்வாள்.

முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவள். கடை மூடியதும் அந்தக் கைவாகு பொம்மைப் பக்கம் திரும்பிவிட்டது. பஞ்சு அடைத்த கரடி, முயல் எல்லாம் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கிற பெரிய மனுஷர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் கீறல் விழுந்து மங்கினாலும், கழன்று விழுந்தாலும் நேரே இவளிடம்தான் வருவார்கள். கண்ணைச் சுற்றி ரோமத்துக்கு டேப் ஒட்டுவாள். நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பாள். மிளகளவு பற்பசை தொட்டு, புருஷனின் பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பாள். அப்புறம் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். ஜன்னல் கம்பி அந்தக் கண்ணுக்குள் நெளியாமல் நேராகத் தெரிய வேண்டும். நெளிந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

புருஷனுக்கு மிச்சம் ஒரே ஒரு பனியன். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தது மாமியார்தான். ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஒரே இடம் சாப்பாட்டு மேசை. அது முழுக்கப் பொம்மை.

"நான் ஒரு வாய் எடுத்து வைக்கிறதுக்குள்ள எதிர்ல இருக்கிற குரங்கு கண்ணு வச்சிடுது. எனக்கு எங்க உடம்புல ஒட்டும்?"

"அதுக்கு இன்னும் கண்ணே வைக்கல அத்தை. இன்னைக்குத்தான் வைக்கணும்."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவளவு ஆள், அதற்கேற்ற மீசை. கையில் குழந்தைத் துண்டில் சுற்றிய ஒரு பழைய கரடி.

"ஞாயித்துக்கிழமை எங்க பொம்மைச் சங்கத்துக் கண்காட்சிம்மா. இவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பளிச்சுன்னு ஆக்கிக் கொடுத்துடுங்க."

அவர் தலை மறைந்ததும் மாமியார் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இந்த ஆளு சிரிச்ச முகமா கரடியை வாங்கிட்டுப் போனா மேசை உனக்கு. மூஞ்சியைச் சுளிச்சா எனக்கு. அப்புறம் பேச்சே கிடையாது."

"சரி அத்தை" என்றாள் இவள், கொஞ்சமும் யோசிக்காமல். கரடிக்கு வலது கண்ணின் வெளி ஓரம்தான் ரொம்பத் தேய்ந்திருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். கடைசியில் இரண்டு கண்ணிலும் ஜன்னல் கம்பி கோடு போட்டது மாதிரி நின்றது.

ஞாயிறு காலையில் டிரைவர் துண்டைப் பிரித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இது யாரும்மா?"

"உங்க கரடிதாண்ணே."

"என் கரடி என்னை ஓரக்கண்ணாலதான் பார்க்கும். எங்கடா சுத்திட்டு வர்றேன்னு கேக்கிற மாதிரி. இது என்னவோ போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நேரா முறைக்குது."

மாமியார் ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தேய்ந்த ஓரத்தில் வெளிச்சம் நிற்காது. மிச்ச இடத்தில் நின்ற வெளிச்சம்தான் ஓரப்பார்வையாகத் தெரிந்திருக்கிறது. கீறல் என்று நினைத்து அந்தப் பார்வையையே தேய்த்து எடுத்துவிட்டாள்.

"அண்ணே, அந்த ஓரம் எப்படித் தேஞ்சது?"

டிரைவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "சின்ன வயசுல இவன் காலைப் பிடிச்சு மாடிப்படியில இழுத்துட்டே இறங்குவேன். எப்பவும் அந்தக் கன்னம்தான் தரையில."

"அப்ப இழுத்துடுவோம்."

கரடியைத் துண்டில் சுற்றி, முகமெல்லாம் டேப் ஒட்டி, அந்த ஓரத்தை மட்டும் வெளியே விட்டாள். மாடிப்படிக்குப் போனார்கள். டிரைவர் ஒரு படி இழுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குக் கை வரலம்மா." இவள் வாங்கி இழுத்தாள். கண்ணில் ஒரு கோடுகூட விழவில்லை.

"பிள்ளை இழுக்கிற இழுப்பா இது?" பின்னால் மாமியார், கையில் இன்னும் ஈரத்துணி. "பால் செம்பைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"இது தேயலைன்னா மேசை உங்களுக்குத்தானே அத்தை. நீங்க ஏன் வர்றீங்க?"

"மேசை வேற, வேலை வேற. அரைகுறையாச் செஞ்சா பார்த்துட்டு நிக்க என்னால ஆகாது. கொடு இப்படி. உன் புருஷன் தலையணையை இழுத்துட்டுத் திரிஞ்சதை நான்தானே பார்த்தேன்."

முந்தானையை இழுத்துச் செருகினாள். கரடியின் காலைப் பிடித்தாள். தடக், தடக், தடக் என்று இறங்கினாள். காலையில் முழங்கால் வலி என்று முனகியவள் மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். பின்னால் அந்த மலை மாதிரி ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "பெரியம்மா, மெதுவா பெரியம்மா" என்று ஓடினார். அவருக்குப் பின்னால் இவள், சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். "என்னக்கா, கரடியை எங்க இழுத்துட்டுப் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு" என்றாள் மாமியார், நிற்காமல்.

டேப்பைப் பிரித்து ஜன்னல் பக்கம் பிடித்தார்கள். கம்பி நேராக வந்து ஓரத்தில் மங்கிக் கரைந்தது. டிரைவர் கரடியை முழங்கை மடிப்பில் சாய்த்துக்கொண்டார். அது அவரை ஓரமாகப் பார்த்தது.

"இங்கதாண்டா இருந்தேன்" என்று பதில் சொன்னார் அவர். சொல்லிவிட்டு மீசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சிரிச்சிட்டார்" என்றாள் மாமியார், ஏதோ தப்புச் செய்துவிட்டவரைச் சொல்வது போல. ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு மடியில்தான்.

கண்காட்சியில் கரடியைப் பார்த்த ஒருவர் மறுநாளே ஒரு சிங்கத்தோடு வந்து நின்றார். கதவைத் திறந்தது மாமியார்.

"நேராப் பார்க்கணும்னா உள்ள போங்க, மேசை அவளோடது" என்றாள். "ஓரமாப் பார்க்கணும்னா இப்படி வாங்க. படி என்னோடது."