நனைகிற வேட்டி

அன்று ஏகாதசி. அதனால்தான் ஏமாந்து போனேன்.

என் வீட்டுக்காரர் காலைப் பூஜையில் பெருமாளின் ஆயிரம் நாமங்களையும் வழக்கம்போல மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். எழுந்து வந்து எனக்குத் தருவதற்காகத் துளசித் தீர்த்தச் செம்பை எடுத்தார். வலது கையிலிருந்து அது நழுவி விழுந்தது. என்னவென்று கேட்டேன். வாய் ஒரு பக்கமாக இழுக்க, ஏதோ குழறினார். ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். வெறும் வயிற்று மயக்கம்தான் என்று நானாக முடிவு செய்து, பாயை விரித்துப் படுக்க வைத்தேன். மத்தியானம் தாண்டியும் காத்திருந்தேன். மருந்து கிருந்து கொடுத்து விரதத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்ற நினைப்பும் இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால் உடனே வண்டியைக் கூப்பிடுங்கள். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்பம்மா ஆரம்பிச்சுச்சு?"

"காலைல, பூசை முடிஞ்சதும் சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு ஒரு நேரக் கெடு உண்டு. அது தாண்டிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல்லைச் சுற்றி அவர் சங்கிலி பிடித்து அளக்காத காடு குறைவு. நாங்கள் இருவருமே ஆத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சமஸ்கிருதத்தைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, நாற்பது வயதுக்கு மேல் மனப்பாடம் செய்தார். வியாழக்கிழமை தோறும் எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில் கீதை வகுப்பு எடுப்பார். உடம்பு வேறு, ஆத்மா வேறு. ஆத்மாவை நெருப்பு சுடாது, தண்ணீர் நனைக்காது என்று சொல்லும்போது குரல் கணீரென்று இருக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டே கேட்பேன்.

அந்தக் குரல் போய்விட்டது. அஃபேசியா (மூளை பாதிப்பால் சொற்கள் வராமல் போவது) என்றார்கள். நாம் பேசுவது பாதி புரிந்தது, பதில் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் கண்ணில் நீர் கோத்து நிற்கும்.

ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில்காரரின் போனில் அந்த ஆயிரம் நாமம் ஒலித்தது. இவர் வாயைத் திறந்தார். இரண்டாவது வரியிலிருந்து தெளிவாக, ஒரு பிசிறில்லாமல் கூடவே சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ் ஓடி வந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முடித்ததும், "ஏங்க, பசிக்குதா?" என்றேன். "ப... ப..." என்றவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் விளக்கினார். "மனப்பாடம் பண்ணுனது, பாட்டு இதெல்லாம் மூளையில வேற வழியா வருதும்மா. சொந்தமா யோசிச்சுப் பேசுற வழிதான் அடைபட்டிருக்கு. முதல் சில மாசம் பயிற்சிதான் முக்கியம். அவரைக் களைப்பாக்கிராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் களைப்பாக்க ஊரே வந்தது. பசி என்று சொல்லத் தெரியாதவர் வாயில் பெருமாள் நாமம் வருகிறதென்றால் அது அருள் இல்லாமல் வேறென்ன? வகுப்பை நடத்த உதவும் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் தினமும் நாலு பேரைக் கூட்டி வந்தார். ஆயக்குடிக் கொய்யாவைத் தட்டில் வைத்துக் காலில் விழுந்தார்கள். இவருக்குக் கஞ்சியே சரியாக விழுங்க வராது. கொய்யாவை என்ன செய்ய? யாராவது முதல் வரியை எடுத்துக் கொடுப்பார்கள். இவர் திறந்த குழாய் மாதிரி கடைசிவரை சொல்வார். முடிக்கும்போது வேட்டி நனைந்திருக்கும். எழவேண்டும் என்று சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. பக்தர்கள் எழுந்து போன பிறகு, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "கீதை சொன்ன வாய்க்கே இப்பிடியா? எந்த சென்மத்து வினையோ" என்பார்கள். அவரே வகுப்பில் சொன்னதுதான். பிராரப்தம் (முற்பிறவி வினையில் இந்தப் பிறவியில் அனுபவித்தே தீர வேண்டிய பங்கு) என்பார். என் தங்கை புற்றுநோயில் கிடந்தபோதும் அவளிடம் அதையே சொன்னார். அவள் கூரையைப் பார்த்தாள். வினையை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் நோயாளியின் கட்டிலருகே அதைப் பேசக்கூடாது.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தார். வந்தவர்களெல்லாம் கசக்கிவிட்டுப் போன மனிதரிடம் பயிற்சிக்குத் தெம்பு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருநாள் அந்தப் பெண் என்னிடம், "அம்மா, அந்த ராகத்துலயே நமக்கு வேணும்கிற வார்த்தையைப் போட்டுப் பாப்பமா? இடது கையைத் தட்டிக்கிட்டே சொல்லணும்" என்றார்.

"அந்த ராகத்துலயா? எந்த வார்த்தைம்மா?"

"அவசரத்துக்கு எது வேணுமோ அது."

வேதம் எழுதி வைத்துப் படித்ததல்ல, வாயால் சொல்லிக் காதால் கேட்டு வந்தது, ஒரு சுரம்கூடப் பிசகக் கூடாது என்று அவர் எத்தனை வியாழக்கிழமை சொல்லியிருப்பார்! அந்த வாயில் நான் போய் இதைப் போடுவதா? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், அன்றைக்கு ஆறாவது வேட்டியை அலசும்போது யோசனை நின்றுவிட்டது.

அவர் இடது கையைப் பிடித்துத் தட்டி, பெருமாள் பெயர் வரும் ராகத்தில், "ஒண்ணுக்கு வருது" என்று பாடினேன். அவர் என்னை முறைத்தார். கையை உருவிக்கொண்டார். நான் விடவில்லை.

பேங்க் மேனேஜர் வந்த நேரத்தில் இது நடந்துகொண்டிருந்தது. "மதினி, சாமி ராகத்துல என்னத்தப் பாடுறீங்க? பாவமில்லையா?" என்றார்.

"அண்ணே, ஆத்மா நனையாது. அவுக சொல்லி நானும் கேட்டிருக்கேன். வேட்டி நனையுதுண்ணே. தெனம் தொவைக்கிறது நான். இனிமே யாரும் வர வேணாம்."

அவர் கொய்யாப் பையை வைத்துவிட்டுப் போனார். என் குரல் அவ்வளவு உரக்க இருக்கும் என்று எனக்கே தெரியாது. திரும்பினால், இவர் இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. "ஒ... ண்ணு... க்கு" என்றார், ராகத்தோடு. நானும் அவரும் சரியான நேரத்தில் கழிவறைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் அது.

அதன்பிறகு அற்புதம் எதுவும் இல்லை. தண்ணி, வலிக்குது, போதும். ஒவ்வொரு வார்த்தைக்கும் வாரக்கணக்கு. யுகத்துக்கு இத்தனை லட்சம் வருஷம் என்று அவர் வகுப்பில் கணக்குச் சொல்வார். எங்கள் யுகம் இரண்டு மணி நேரம்தான். இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பி, தாங்கி, நடத்திக் கூட்டிப்போக வேண்டும். இடையில் மாத்திரை, கஞ்சி, துணி துவைப்பது. எட்டு மாதம் இப்படி ஓடியது. கண்ணாடியில் என்னைப் பார்த்தே நாளாகியிருந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம். கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தேன். "இந்தா" என்று குரல் கேட்டது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். எனக்கென்று ஒரு பெயர் இல்லையா என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அப்படியே நின்றேன். கை தட்டவில்லை. ராகமும் இல்லை.

"இந்தா... உக்காரு" என்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என் கால் இரண்டும் வீங்கியிருப்பது தெரிந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

கூட்டிப்போகிற நேரம் வந்தது, தாண்டியும் போனது. வேட்டி நனைந்தது. அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, நானும் எழவில்லை.