பெஞ்சு மேல் ஒரு ஹேண்ட் டிரில்

1. முட்டை அடிக்கிற மெஷின்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சரக்கைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை. ஒரு பொம்பளை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் துளை போடுகிறாளாம், அதைப் பார்க்க வந்த கூட்டம்.

ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். கொடைக்கானல் பஜாரில் மொய்தீன் பாயின் இரும்புக் கடை. ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடினால் வில்பட்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு வருவார்கள், கிளாவரைப் பக்கமிருந்து உருளைக்கிழங்கோடு வருவார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குள் அவர்களை எப்படி உள்ளே இழுப்பது என்பதுதான் பாயின் ஒரே யோசனை. அதற்காகவே வாசலில் ஒரு நீளமான பெஞ்சு போட்டிருந்தார். மதுரை ஏஜெண்டு புதிதாக ஒரு சாமான் அனுப்பினால் அது நேராக அலமாரிக்குப் போகாது. முதலில் பெஞ்சுக்கு வரும். சந்தைக்கு வந்தவர்கள் பார்க்கலாம், திருகலாம், வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். ஒரே ஒரு சட்டம்தான். கருத்துச் சொன்னவர் அந்தச் சாமானைக் கையில் பிடித்து ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். செய்யாமல் சொன்ன கருத்தைப் பாய் காதில் வாங்கமாட்டார்.

என்னை எதற்கு எடுத்தார் என்று கேட்பீர்கள். அதற்கு முன் நான் ஒரு மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். அந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா எதற்கும் ஆளைக் கூப்பிடமாட்டார். தகரத்தில் ஒழுகினாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் தானே ஏணி போட்டு ஏறிவிடுவார். கீழே நின்று பலகையின் மறுமுனையைப் பிடிக்கிறவள் நான். அப்படிப் பிடித்துப் பிடித்தே ஸ்பேனர், பின்சர்ஸ், சிசல் என்று எல்லாம் பெயரோடு எனக்குப் பழகிவிட்டது. அவர் கப்பலேறிப் போன பிறகு வேறு இரண்டு பங்களாக்களில் கூப்பிட்டார்கள். மறுபடி பீங்கான் கழுவ எனக்கு மனசில்லை. பாய் கடையில் துரைசானிகள் வந்து இங்கிலீஷில் ஒன்று கேட்டால் பையன்கள் வேறொன்றை எடுத்து நீட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நேரே போய் வேலை கேட்டேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அன்றைக்கு வந்திறங்கியிருந்த ஹேண்ட் டிரில்லைக் கையில் கொடுத்து, பெஞ்சைக் காட்டினார்.

இப்போதுள்ள பிள்ளைகள் டிரில் என்றால் கரண்டில் ஓடுவதைத்தான் நினைப்பீர்கள். அது கையால் சுற்றுவது. பக்கவாட்டில் பல்சக்கரமும் கைப்பிடியும் இருக்கும். துளை போடுகிற முறுக்குக் கம்பிக்குப் பிட் என்று பேர், முனையில் அதைப் பிடிக்கிற வாய்க்குச் சக் என்று பேர். ஒரு கையால் மேலே அழுத்தி மறுகையால் சுற்றினால் பலகை பூப்பூவாகத் துருவி வரும். அதுவரை இந்த ஊரில் துளை போடுவதென்றால் ஆசாரிமார் கயிறு சுற்றி இழுக்கிற துரப்பணம்தான். அதற்குப் பழக்கம் வேண்டும், ஒத்தாசைக்கு ஆளும் வேண்டும்.

கூட்டம் கருத்துச் சொல்ல ஆரம்பித்தது. கிளாவரைக்காரர் ஒருவர், இது தண்ணீர் இறைக்கிற சாமானா என்று கேட்டார். ஒரு பங்களா சமையல்காரர் பார்த்த உடனே சிரித்துவிட்டார். “இது எங்க துரை வீட்ல முட்டை அடிக்கிற மெஷினுல்ல” என்றார். சட்டப்படி அவர் கையில் கொடுத்தேன். முட்டை அடிக்கிற வேகத்திலேயே சுற்றினார். பிட் முறிந்து பஜார் நடுவில் போய் விழுந்தது. இன்னொருவர் பொம்பளை சுற்றினால்தான் இதில் துளை விழும் போல என்று கிண்டல் செய்தார். அவர் சுற்றியபோது உண்மையிலேயே துளை விழவில்லை. மாற்றுப் பிட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தார், நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பெஞ்சில் இருந்த மூன்று டிரில்லும் விற்றுப்போயின. மறுநாள் வேலைக்கு வா என்று பாய் சொல்லவில்லை. வெள்ளனே வந்துவிடு என்று மட்டும் சொன்னார்.

2. ஆசாரிமார்

ஒன்றிரண்டு மாதத்தில் பெஞ்சுக்கு நல்ல பேர் வந்துவிட்டது. சந்தைக்கு வருகிறவர்கள் காய்கறி விலையைக் கேட்கும் முன்னே, இந்த வாரம் பெஞ்சில் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போனது, அதை மறைப்பானேன். நன்றாகத்தான் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சண்முகம் ஆசாரி கடைக்கு வந்தார். வில்பட்டிக்காரர், ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு வைத்தவர். மற்ற ஆசாரிமார் அவர் சொல்லைத் தாண்டமாட்டார்கள். பாய் கடையில் ஆணி, கீல், அரம் என்று விற்பதில் பெரும்பங்கு அவர்கள் வாங்குவதுதான். அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. பெஞ்சைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டார். வீட்டு வேலைக்கு என்றார் பாய்.

ஆசாரி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “ஐப்பசி, கார்த்திகையில மழ புடிச்சா கட்டட வேலை நின்னு போகும். அப்ப எங்களுக்குக் கஞ்சி ஊத்துறது இந்தக் கொண்டியும் தாழ்ப்பாளுந்தான் பாய். அதையும் வீட்டுக்கு வீடு அவுகளே போட்டுக்கிட்டா நாங்க எங்க போறது? பெஞ்சா நாங்களான்னு யோசிச்சு வெரசா சொல்லுங்க. வத்தலக்குண்டுல இல்லாத கடையா?”

அவர் குரலை உயர்த்தவேயில்லை. நான் குறுக்கே பேசப்போனேன், பாய் கண்ணாலேயே அடக்கிவிட்டார். ஆசாரி போன பிறகு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் ஆத்திரத்துக்குக் காரணம்.

சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார். “ஞானம்மா, ஒன் மேல கொறை இல்லம்மா. வர்ற சந்தையோட பெஞ்ச உள்ள தூக்கிருவோம்” என்றார். பெஞ்சு இல்லாவிட்டால் கடையில் எனக்கு என்ன சோலி? துரைசானிகள் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வருவார்கள், அதற்கு ஒரு ஆளை வைத்திருக்க முடியாது. பாய் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. மறுபடி ஏதாவது பங்களாவின் பின்கட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

3. கடைசிச் சந்தை

கடைசி என்று முடிவாகிவிட்டதால் நான் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். நல்ல தேக்குப் பலகை ஒன்றை எடுத்துப் பெஞ்சில் வைத்து, ஒரு கொண்டியும் ஸ்க்ரூக்களும் திருப்புளியும் டிரில்லும் வைத்தேன். எதிரே டீக்கடையில் சண்முகம் ஆசாரியும் இன்னும் சில ஆசாரிமாரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வில்பட்டிக்காரர்கள் பெஞ்சுப் பக்கமே வரவில்லை. நாளைக்கு வீட்டுக் கதவு இறங்கினால் ஆசாரிமாரிடம்தானே போக வேண்டும்.

பூண்டு விற்று முடித்து, வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். நடுவயது. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, டிரில்லையே பார்த்தார். “புடிச்சுப் பாக்கலாமா?” என்று கேட்டார். சாமானைக் கையில் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்று தலையாட்டி, கீழே வைக்கச் சொல்லி, பிறகுதான் எடுத்தார். ஆயுதத்தைக் கைக்குக் கை வாங்காத வழக்கம் ஆசாரி வீடுகளில் உண்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

கொண்டியைப் பலகையில் வைத்து, ஆணி முனையால் நான்கு இடத்தில் புள்ளி குத்தினார். பிட்டைப் புள்ளியில் நிறுத்தி, முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராகச் சுற்றினார். நடுவில் நிறுத்தித் துருவலை ஊதிவிட்டார். ஸ்க்ரூவைத் தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அந்த எண்ணெயோடு திருகி இறக்கினார். நான் அத்தனை வாரம் பெஞ்சில் நின்றும் எனக்கு அந்த நேர்த்தி வந்ததில்லை. கூட்டத்தில் ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். பார்த்ததுதான் என்றார்.

அதற்குள் டீக்கடையிலிருந்து சண்முகம் ஆசாரி எழுந்து வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது.

“ஏய், இங்க என்ன சோலி ஒனக்கு?”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். அவர் ஆசாரியின் மனைவி பேச்சியம்மாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“தாழ்ப்பா போடுற சோலிதான்” என்றார் பேச்சியம்மாள். “கோழிக்கூட்டுக் கதவு காத்துல ஆடிக்கிட்டுக் கெடக்கு. மரநாய் வந்து வந்து தூக்கிட்டுப் போகுது. போன வருசத்துலருந்து சொல்றேன். ஊரு வேலை முடியட்டும்ங்கிறீங்க.”

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் என்றார் ஆசாரி. பேச்சியம்மாள் நகரவில்லை. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. “ஒங்க ஆயுதப் பொட்டியத் தொட்டா குத்தம். சரிங்க. கலியாணமாகி வந்த நாள்லருந்து தொடல. தாண்டக்கூட இல்ல. தள்ளி ஒக்காந்து பாத்துக்கிட்டு மட்டுந்தான் இருந்தேன். இது நான் பூண்டு வித்து வாங்குறது. இதத் தொடலாம்ல?”

பின்னால் நின்ற ஆசாரிமாரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆசாரி மேட்டுப் பாதையில் விடுவிடுவென்று ஏறிப் போய்விட்டார். பேச்சியம்மாள் காசைப் பெஞ்சில் வைத்துவிட்டு, டிரில்லையும் திருப்புளியையும் ஒரு கொண்டியையும் கூடையில் போட்டுக்கொண்டு வேறு பாதையில் போனார். எனக்கு ஒரே சந்தோஷம். பாய்க்கு ஒரே பயம்.

4. ஆசாரியின் கருத்து

அந்த வாரம் முழுக்க ஒரு ஆசாரியும் கடை ஏறவில்லை. ஊர் நடுவில் அவமானப்பட்ட மனுசர், இனி இந்தப் பக்கம் திரும்பமாட்டார் என்று பாய் புலம்பினார். பழியெல்லாம் என் தலையில்தான் விழும் என்று தெரிந்தது. நானே சொல்லிவிட்டேன், என்னை நிறுத்திவிட்டீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள் என்று. பாய் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை பெஞ்சை உள்ளே தூக்கிச் சாத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே, பஜாரில் மஞ்சு கலையவில்லை, கடை அடைப்புப் பலகையில் பாதிதான் எடுத்திருந்தோம். சண்முகம் ஆசாரி வந்து நின்றார். தனியாகத்தான் வந்திருந்தார். பாய் எழுந்து நாற்காலி போட்டார். ஆசாரி உட்காரவில்லை. அந்த டிரில் இன்னொன்று இருந்தால் எடுக்கச் சொன்னார். நான் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். எடுத்துச் சக்கைத் திருகிப் பார்த்தார், பல்லைத் தடவிப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றினார். சாமானைக் குறை சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“கோழிக்கூட்டுக் கதவப் பாத்தேன்” என்றார். “நாலு ஸ்க்ரூவும் ஒரே மட்டம். ஒரு தலையும் தூக்கல. நான் போட்டிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.”

டிரில்லைத் திரும்பக் கவுண்டரில் வைத்தார்.

“நான் போடலியே, பாய்.”

அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, கால் இஞ்ச் பிட் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கா என்று கேட்டேன். “எனக்கு எதுக்கு? அவளுக்குத்தான். பரணுக்கு ஏணி செய்யப் போறாளாம். அவளப் போகச் சொன்னேன், நீங்க போயி வாங்கிட்டு வாங்கன்னுட்டா.” பிட்டை மடியில் முடிந்துகொண்டு, போகிற போக்கில், பெஞ்சு எங்கே என்று கேட்டார். உள்ளே கிடக்கிறது என்றேன். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.

ஆசாரிமாரின் மழைக்காலக் கஞ்சிக்கும் பங்கம் வரவில்லை. டிரில் வாங்கியவர்களில் பாதிப்பேர் கதவில் கோணலாகத் துளை போட்டுவிட்டு, அதை அடைக்க ஆசாரியைத்தான் கூப்பிட்டார்கள். முட்டை அடித்த சமையல்காரர் தன் வீட்டு அலமாரியையே சல்லடையாக்கி வைத்திருந்தாராம்.

நான் அறுபதுகளின் கடைசிவரை அந்தக் கடையில் இருந்தேன். மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உங்கள் ஊர் ஜனங்கள் எங்கள் சாமானைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். வாங்கினவர்கள் சொன்னதைச் சொல்வேன், வேடிக்கை பார்த்தவர்கள் சொன்னதையும் சொல்வேன். அதோடு என் பங்குக்கு ஒரு கேள்வி கேட்பேன். ஒரு வீட்டில் இதைத் தொடக்கூடாது என்று யாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்களோ, அவர்களைக் கேட்டீர்களா என்று. கம்பெனி ஆட்களுக்குப் புரியாது, சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். விற்கிற தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். தொடக்கூடாது என்று தள்ளி வைத்தவர்களை முதலில் போய்க் கேளுங்கள். ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் அவர்கள்தான்.