அறுப்பின் பண்டிகையில் ஓர் ஐஸ்கிரீம் வாளி

தொண்ணூற்றொன்றில் படப்பை கடைத்தெருவில் என் தையல் கடைக்கும் அவளுடைய ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். நான் மெஷின் மிதிப்பது அவளுக்குக் கேட்கும். அவள் வாளியின் கைப்பிடியைச் சுற்றுவது எனக்குக் கேட்கும். என்னைவிடப் பத்து வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால் நான் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டாள். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்த்தவள். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊர் திரும்பும்போது இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த மரவாளி. வாளிக்குள் உயரமான ஒரு டப்பா, டப்பாவுக்குள் மரத் துடுப்பு. சுற்றிலும் உடைத்த ஐஸையும் கல்லுப்பையும் அடைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஊற்றிய பால் மெல்ல இறுகும். ஐஸ் தாம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில், மரத்தூள் போட்ட கோணிக்குள் வந்து இறங்கும். பால், பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் வீட்டு எருமைப் பால்.

ஒரு நாளைக்கு ஒரு பழம்தான். வெயில் காலத்தில் ஒரகடம் பக்கத்துப் பனைகளிலிருந்து நுங்கு வரும், அப்புறம் நாட்டு மாம்பழம், ஆடியில் நாவல். நாவல்பழ நாட்களில் கடைத்தெருவில் யார் வாயைத் திறந்தாலும் நாக்கு ஊதாவாகத்தான் இருக்கும். என்ன பழம் கிடைக்கிறதோ அதுதான் அன்றைக்கு. எசன்ஸ் கிடையாது, கலர் கிடையாது. கலர் இல்லாமல் ஐஸ்கிரீமா என்று கேட்டுவிட்டு சைக்கிள்காரனிடம் ரோஸ் நிறக் குச்சி ஐஸ் வாங்கப் போனவர்கள் உண்டு. அவள் முகம் சுளிக்க மாட்டாள். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டுவாள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

வில்லங்கம் சீதாப்பழத்தோடு வந்தது. அந்தப் பக்கத்துக் குன்றுகளில் வேலியோரமெல்லாம் சீதாதான். அது பழுக்கிற காலமும் மழை பிடிக்கிற காலமும் ஒன்று. மழையில் யார் ஐஸ்கிரீம் தின்பார்கள்? சளி பிடிக்கும், காது அடைக்கும் என்று குழந்தைகளின் கையைப் பிடித்துத் தெருவின் எதிர்வாடைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அவளோ கொட்டை கொட்டையாக எடுத்து, சதையைச் சல்லடையில் கையால் தேய்த்து, காய்ச்சின பால் நன்றாக ஆறினபிறகுதான் சேர்ப்பாள். சூடு பட்டால் சீதா கசந்துவிடும். அவள் செய்ததிலேயே அதுதான் உசத்தி, சத்தியமாகச் சொல்கிறேன். வாங்கத்தான் ஆளில்லை. சாயங்காலம் மிஞ்சியது என் வயிற்றுக்குத்தான் வந்தது.

அவள் புருஷன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கொடுத்து சாவியும் கைக்கு வந்துவிட்டது. கடையை மூடிவிட்டு வா என்பது அவன் கட்சி. அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஷிப்ட் முடிந்து போய் ஓட்டல் சோற்றைத் தின்றுவிட்டுத் தனியாகப் படுக்கிறவன். ஐஸ் என்றாலே தும்முகிறவன், அதனால் அவள் செய்த எதையும் வாயில் வைத்ததுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் நின்றுதான் அந்தப் பேச்சை முடித்தான்.

"மழையில எவன் வந்து இத துன்னப் போறான்? ஊரு துன்னுதுன்னு காட்டு, அப்பால நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா பண்டிகை முடிஞ்ச கையோட என்கூட கெளம்பு."

அவள் சரி என்றாள்.

பண்டிகை என்றது அவர்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையை. வருஷத்துக்கொரு தடவை அவரவர் வீட்டில் விளைந்ததை, செய்ததைக் கொண்டுபோய் ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் இருக்கும். ஐயர் என்று அவர்கள் கூப்பிடுகிற பாதிரியார் ஜெபித்து முடித்ததும் ஏலம். ஊரில் சாமி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் ஏலத்துக்குப் போவோம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? சீதாப்பழ ஐஸ்கிரீமை வாளியோடு தூக்கிக்கொண்டு போய், மற்றவர்களைப் போலவே காலையிலேயே பூசணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆல்டரில் வைத்ததை ஜெபம் முடியாமல் எடுக்கக்கூடாது. அது அவளுக்கே வைத்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கென்று வெளியூரிலிருந்து ஒரு ஐயர் பிரசங்கத்துக்கு வந்திருந்தார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே அவர் பேச்சு நிற்கவில்லை. நான் கடைசி பெஞ்சில், காலடியில் அவளுடைய மிச்ச ஐஸ் கோணியோடு உட்கார்ந்திருந்தேன். வாளியின் ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் வழிந்து பாயை நனைப்பது அங்கிருந்தே தெரிந்தது. ஊர் முன்னால் டப்பாவைத் திறந்து, உள்ளே வெறும் பாயசமாக இருந்தால் அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் புருஷன் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

திடீரென்று எழுந்து என்னிடம் வந்தாள். கோணியை வாங்கினாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நேரே ஆல்டருக்குப் போய் மண்டியிட்டாள். பெண்கள் பக்கத்தில் உச்சுக்கொட்டினார்கள், பாவம், ஏதோ கஷ்டத்தில் ஜெபிக்கிறாள் என்று. அடுத்த நிமிஷம் ஐஸ் விழும் சத்தம். அப்புறம் கடகடவென்று கைப்பிடி சுற்றும் சத்தம். பிரசங்கம் நின்றது. சேவல் கத்தியது. சர்ச்சே அவளைப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. பிரசங்கம் பண்ண வந்த ஐயர் நல்ல மனுஷர். வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மீதியை அடுத்த வருஷம் சொல்கிறேன் என்று ஜெபத்துக்குப் போய்விட்டார்.

ஏலத்தில் முதலில் எடுத்தது வாளியைத்தான். கேட்டவர்களில் கடைசிவரை நின்றது அவளுக்குப் பால் ஊற்றுகிற அந்த விவசாயி. எடுத்தவர், இது என் எருமைப் பால்தான், எல்லாருக்கும் கொடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கே அப்படிச் செய்வது வழக்கம். டப்பாவைத் திறந்தாள். வெள்ளையாக, கெட்டியாக இறுகியிருந்தது.

சாமிக்கு வைத்ததை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இருமுகிறவர்கள்கூட மப்ளரை இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சளி பிடிக்கும் என்று பிள்ளைகளை எதிர்வாடைக்கு இழுத்த அம்மாக்கள் அதே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தொன்னையில் ஆளுக்கு ஒரு கரண்டி. வெளியே மழை, உள்ளே தொன்னையை வழிக்கிற சத்தம். அவள் புருஷனும் வாங்கினான். தும்மல் வருமோ என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயில் வைத்தான்.

நான் அவனிடம் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஊர் தின்கிறதா இல்லையா என்று கேட்டேன். அவன் தொன்னையை வழித்துக்கொண்டே, சாமி பொருள் என்றுதான் வாங்கினார்கள், நாளைக்குக் கடைக்கு வருவார்களா என்றான். சொன்னது நியாயம்தான். சொல்லிவிட்டு அவன் மறுபடி வரிசையில் போய் நின்றான்.

அவனுடைய முறை வந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மொத வாட்டி சாமிக்கு வாங்கினீங்க. ரெண்டாவது வாட்டி இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாருமே ஒரு தடவை வாங்கித் தின்றவர்கள்தான்.

டப்பாவில் ஒன்றும் இல்லை. அவள் உள்ளேயிருந்த மரத் துடுப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அத்தனை பேர் முன்னால், ஆல்டர் பக்கத்தில் நின்று, அந்த மனுஷன் அதை நக்கித் தின்றான். ஓரத்தில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. பிறகு துடுப்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

"சாவிய திருப்பிக் குடுத்துடறேன். பஸ்ல வந்து போய்க்கினு கீறேன். எனக்குன்னு கொஞ்சம் எடுத்து வை."

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், காலி டப்பாவுக்குள் முகத்தைக் குனிந்துகொண்டு, இல்லாத ஐஸ்கிரீமை ரொம்ப நேரம் சுரண்டிக்கொண்டிருந்தாள்.